நம் நாட்டு ஹிருதய வால்வு பரீட்சையில் தேறிய வரலாறு



நமது இதழில் க்ஷேத்திரங்களைப் பற்றியும் மஹான்களைப் பற்றியும் அன்பர்கள் அருமையாக எழுதி வருகிறார்கள். எனக்கு அந்த ஞானம் கிடையாது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்காரில் சேர்ந்தவன். சர்க்கார் வாங்கும் சாமான்களைப் பரிசோதித்து, ஏற்றுக்கொள்ளலாமா திருப்பி அனுப்பலாமா என்று எழுதித் தரும் பிரிவில் 33 வருஷம் உத்தியோகம் பார்த்தேன். கம்பி, குழாய், ரப்பர், பெயின்ட் என்று கைக்கு வராத பொருளே இல்லை. ஆகையால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் "இதை எப்படிப் பரிசோதித்தார்கள்?" என்ற கேள்விதான் எனக்கு முதலில் தோன்றும்.

என் மனைவியின் தங்கைக்கு 1997-ல், அவளுடைய 31-வது வயதில், ஹிருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். நம் நாட்டிலேயே செய்த சித்ரா வால்வு. அன்றிலிருந்து அந்த வால்வைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்ட சரித்திரம் நம் அங்கத்தினர்களுக்கும் பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

நிமிஷத்துக்கு 72 தடவை என்று வைத்துக்கொண்டால், ஹிருதயம் ஒரு நாளைக்கு 1 லட்சத்துக்கு மேல் துடிக்கிறது. ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். பத்து வருஷத்துக்கு 38 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வுகள் ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூட வேண்டும். மராமத்துக்கு நிறுத்தி வைக்க வழி இல்லை. என் உத்தியோக காலத்தில் இப்படி ஒரு நிபந்தனையை எந்த டெண்டரிலும் நான் பார்த்ததில்லை.

மேல்நாட்டில் வால்வு கெடுவது பெரும்பாலும் வயதானவர்களுக்கு. நம் நாட்டிலோ ருமாட்டிக் ஜுரம் என்ற ஒன்று இருக்கிறது. சிறு வயதில் தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில குழந்தைகளுக்கு அது ஜுரமாகவும் மூட்டு வலியாகவும் கிளம்பி, கடைசியில் ஹிருதய வால்வுகளைத் தாக்குகிறது. இருபது, முப்பது வயதுக்காரர்கள் மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்குவார்கள். பன்றியின் வால்வையோ மாட்டின் ஹிருதய உறையையோ பதப்படுத்திச் செய்த வால்வுகள் இளம் வயதினரின் உடம்பில் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகும். ஆகவே அவர்களுக்கு உலோகத்தாலும் வேறு கெட்டியான பொருளாலும் ஆன வால்வுதான் பல காலம் கைகொடுத்தது. அதுவும் பத்து வருஷத்துக்கு அல்ல, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு உழைக்க வேண்டும்.

முதல் வால்வுகள் கற்பித்தது

1952-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்னாகல் என்ற சர்ஜன் ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதற்குள் ஒரு பந்துமாகச் செய்த வால்வைப் பொருத்தினார். ஹிருதயத்துக்குள் அல்ல, அதிலிருந்து கீழிறங்கும் பெரிய ரத்தக் குழாயில். பிறகு 1960-ல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும், பணி ஓய்வு பெற்ற லோவெல் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினியரும் சேர்ந்து, உலோகக் கூண்டுக்குள் சிலிக்கோன் ரப்பர் பந்து வைத்த வால்வை ஹிருதயத்துக்குள்ளேயே பொருத்திக் காட்டினார்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதனால் உயிர் பிழைத்தார்கள்.

ஆனால் சில வருஷங்களில் ஒரு விசித்திரம் தெரியவந்தது. சில நோயாளிகளிடமிருந்து எடுத்த பந்துகள் மஞ்சளாகி, உப்பி, வெடிப்பு விட்டிருந்தன. காரணம், ரத்தத்தில் உள்ள கொழுப்பை அந்த ரப்பர் மெல்ல மெல்ல உறிஞ்சியிருந்தது. சோதனைக்கூடத்தில் தண்ணீரிலோ உப்புநீரிலோ எத்தனை கோடி தடவை ஆட்டிப் பார்த்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. அந்தத் திரவத்தில் கொழுப்பே கிடையாதே! ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

பரிசோதனை யந்திரம், நாம் கேட்கச் சொன்ன கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு நோயாளியின் உடம்புதான் பதில் சொல்லும். வால்வுகளின் சரித்திரம் முழுவதிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

முதலில், புதிய மூலப்பொருளின் குணம் பார்க்கப்படும். அதனால் ரத்த அணுக்கள் உடைகின்றனவா, ரத்தம் உறைகிறதா, உயிரணுக்கள் சாகின்றனவா என்று.

அடுத்தது, ஹிருதயத்தைப் போலவே ரத்த ஓட்டத்தை உண்டாக்கும் ஒரு யந்திரம். பம்பும் குழாய்களும் வைத்து, தண்ணீரில் கிளிசரின் கலந்து ரத்தத்தின் கெட்டித்தன்மைக்குக் கொண்டுவந்து, அதை வால்வின் வழியே செலுத்துவார்கள். திறந்திருக்கும்போது எவ்வளவு அழுத்தம் வீணாகிறது, மூடும்போது எவ்வளவு பின்னால் ஒழுகுகிறது என்று அளப்பார்கள்.

மூன்றாவதுதான் பொறுமையைச் சோதிப்பது, அதாவது தேய்மானப் பரிசோதனை. பத்து வருஷம் உழைக்குமா என்று பார்க்கப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது. ஆகவே வால்வை இயற்கையைவிடப் பல மடங்கு வேகத்தில் திறந்து மூடுவார்கள். நிமிஷத்துக்கு 900 தடவை என்று வைத்துக்கொண்டாலும் 38 கோடி தடவை முடிய இரவு பகலாக 290 நாளுக்கு மேல் ஆகும். நடுநடுவே நிறுத்தி, பூதக்கண்ணாடியில் பார்த்து, தேய்மானத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். உலோக வால்வுகளுக்கு 40 கோடி தடவை என்பது சர்வதேசத் தர நிர்ணயத்தில் வந்த எண்ணிக்கை. அமெரிக்க அதிகாரிகள் 60 கோடி கேட்டார்கள்.

இவ்வளவும் தேறிய பிறகே விலங்குகளுக்குப் பொருத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலும் செம்மறி ஆடுகளுக்கு. கடைசியில்தான் மனிதர்.

திருவனந்தபுரத்தில் ஒரு அரண்மனை

அனந்தபத்மநாப ஸ்வாமி தரிசனத்துக்குத் திருவனந்தபுரம் போகும் நம் அன்பர்களில் பலருக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பெயர் தெரிந்திருக்கும். திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தின் நன்கொடையாக வந்த கட்டடத்தில் 1970-களில் அது உருவாயிற்று. அதை உருவாக்கும் பொறுப்பைக் கேரள முதல்வர் சி. அச்சுத மேனன் காலத்தில் ஏற்றுக்கொண்டவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரையில் 1934-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஹிருதய சர்ஜரி பயின்றபோது, மேலே சொன்ன அதே ஹஃப்னாகலிடம் பயிற்சி பெற்றவர். 1980-ல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் அந்த நிலையம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது.

அங்கே ஆஸ்பத்திரியோடு கூடவே மருத்துவக் கருவிகளை உருவாக்கும் பிரிவு ஒன்றும் ஏற்பட்டது. பூஜப்புரையில் உள்ள சாடெல்மண்ட் அரண்மனையில் சர்ஜன்களும் இன்ஜினியர்களும் ரசாயனம் படித்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். டாக்டரும் இன்ஜினியரும் தனித்தனி உலகத்தில் இருந்த அந்த நாளில் இது பெரிய காரியம். ரத்தம் சேமிக்கும் பை முதலான பல சாதனங்கள் அங்கே உருவாயின. வால்வு வேலையில் வலியத்தானுக்குத் தோள்கொடுத்த இன்ஜினியர் ஜி.எஸ். புவனேஸ்வர்.

அந்தக் காலத்தில் வால்வுகள் எல்லாம் இறக்குமதி. விலையோ நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாதது. ஆபரேஷன் செய்யத் தெரிந்த சர்ஜன் இருப்பார், நோயாளியும் இருப்பார், வால்வு வாங்கப் பணம் இருக்காது. பந்து வைத்த வால்வைவிட, கூண்டுக்குள் ஒரு வட்டு சாய்ந்து திறந்து மூடும் அமைப்பே நல்லது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அமெரிக்காவில் வட்டுக்குப் பயன்படுத்திய விசேஷக் கரிப்பொருள், அணு உலை எரிபொருளுக்குப் பூசுவதற்காகக் கண்டுபிடித்தது. அதைச் செய்யும் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நமக்குக் கிடைக்கும் பொருளைக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது.

மூன்று மாடல்கள், மூன்று தோல்விகள்

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

முதல் மாடலில் டைட்டானியம் உலோகக் கம்பிகளைக் கூண்டோடு வெல்டிங் செய்திருந்தார்கள். வெல்டிங் செய்த இடத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. கம்பி முறிந்தது. மாடலைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது மாடலில் வட்டுக்கு நீலக்கல் படிகத்தை எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டு நவரத்ன மோதிரத்தில் உள்ளது போல நிறமுள்ளது அல்ல. சோதனைச்சாலையில் வளர்த்த நிறமற்ற படிகம். உயர்தரக் கைக்கடிகாரங்களின் கண்ணாடியும் இதுதான். வைரத்துக்கு அடுத்தபடி என்று சொல்லும் அளவுக்குக் கடினம். ரத்தத்தோடு ஒத்துப்போவதிலும் நல்ல பெயர். ஆனால் இவ்வளவு கடினமான வட்டு ஓயாமல் உரசியதில், டைட்டானியக் கூண்டு அளவுக்கு மீறித் தேய்ந்துபோயிற்று.

சரி, கூண்டை மாற்றுவோம் என்று மூன்றாவது மாடலில் கோபால்ட், குரோமியம் கலந்த ஹெய்ன்ஸ் என்ற உலோகக் கலவைக்குப் போனார்கள். தேய்மானப் பிரச்னை தீர்ந்தது. இந்தத் தடவை நீலக்கல் வட்டே உடைந்தது. கடினமான பொருள் பல சமயம் உடையவும் கூடியது என்பது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வருஷம் பாடுபட்ட ஒன்று கையில் இரண்டு துண்டாக நிற்கும்போது மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான்காவது மாடலில் கூண்டு அதே ஹெய்ன்ஸ் உலோகம். ஆனால் ஒட்டு, வெல்டிங் எதுவும் இல்லாமல் ஒரே துண்டிலிருந்து கடைந்து எடுத்தது. வட்டு, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட ஒருவகைப் பாலிஎதிலீன். செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டாக்டர்கள் பயன்படுத்தும் அதே பிளாஸ்டிக். தைப்பதற்குச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம். விலை உயர்ந்த நீலக்கல் தோற்ற இடத்தில் சாதாரணமாகத் தோன்றும் பிளாஸ்டிக் ஜெயித்தது. மூடும்போது அதன் சப்தமும் குறைவு. இந்த மாடல் தேய்மானப் பரிசோதனையிலும் தேறியது, ஆடுகளிலும் தேறியது.

1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குச் சித்ரா வால்வு பொருத்தப்பட்டது. 1995 ஜனவரி வரை 6 ஆஸ்பத்திரிகளில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்களை விடாமல் கவனித்துவந்தார்கள். அதன் முடிவுகள் 2001-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியாயின. தயாரிக்கும் பொறுப்பை நமது சென்னை டி.டி.கே. குழுமம் ஏற்றது. 1995-க்குப் பிறகு வெளிவந்த வால்வுகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கின்றன. இறக்குமதி வால்வைவிட விலை வெகு குறைவு என்பதால், முன்பு ஆபரேஷனே நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு வழி பிறந்தது.

அதே காலத்தில் வேறிடத்தில்

இந்தத் தோல்விகளின் மதிப்பு என்னவென்று புரிய, அதே வருஷங்களில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பியார்க்-ஷைலி என்ற சாயும் வட்டு வால்வு நல்ல பெயர் பெற்றது. ரத்தம் இன்னும் தாராளமாக ஓடட்டும் என்று அதைத் திருத்தி, 1979-ல் ஒரு புதிய மாடலைக் கொண்டுவந்தார்கள். உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் வட்டைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. சிலருக்கு உடம்புக்குள்ளேயே அந்தக் கம்பி முறிந்து, வட்டு கழன்று ரத்த ஓட்டத்தோடு போய்விட்டது. அப்படி முறிந்தவை 600-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1986-ல் விற்பனை நிறுத்தப்பட்டது.

பிற்பாடு ஆராய்ந்தபோது, மூடும் கணத்தில் வட்டு சற்று அதிகமாகச் சுழன்று கம்பியின் நுனியில் மோதுவது தெரிந்தது. கண் இமைப்பதற்குள் நடந்துபோகும் இந்த மோதலை அளக்கும்படி ஆரம்பப் பரிசோதனைகள் அமையவில்லை. வெல்டிங் சம்பந்தமான பதிவுகளைப் பற்றிக்கூடக் குற்றச்சாட்டுகள் எழுந்து, 1994-ல் அமெரிக்க அரசுடன் பணம் கட்டிச் சமரசத்தில் முடிந்தது.

வெல்டிங் செய்த இடம் திருவனந்தபுரத்திலும் முறிந்தது, அங்கேயும் முறிந்தது. காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் இங்கே முறிந்தது யந்திரத்தில். நஷ்டமானது சில வருஷ உழைப்பும் சர்க்கார் பணமும். அங்கே முறிந்தது மனிதர்களின் நெஞ்சில்.

யாரும் கேட்காத பரீட்சை

இன்னொன்றையும் சர்க்கார் உத்தியோகஸ்தன் என்ற முறையில் சொல்ல வேண்டும். 1990-ல் நம் நாட்டில் ஹிருதய வால்வு போன்ற கருவிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இல்லை. 2005-ல்தான் வால்வு, ஸ்டென்ட் முதலிய சில கருவிகளை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017-ல் வந்தன. அதாவது சித்ரா வால்வின் முதல் மூன்று மாடல்களைத் தள்ளும்படி எந்த அதிகாரியும் கேட்கவில்லை. கேட்க அதிகாரியே இல்லை. செய்தவர்களே பரிசோதித்து, செய்தவர்களே தள்ளினார்கள்.

இது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். "சார், ஒரு வருஷ வேலை வீணாகிவிடும், கொஞ்சம் பார்த்துப் பாஸ் போடுங்கோ" என்ற வேண்டுகோள் வராத மாதமே என் உத்தியோகத்தில் கிடையாது. நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒரு பெரியவர் சொல்வார்: "பாஸ் போட மட்டும் சர்க்காருக்கு நீ எதற்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே. வேண்டாம் என்று சொல்லத்தான் உனக்குச் சம்பளம்." வெளியார் கொண்டுவந்த சரக்கைத் தள்ளுவதே சிரமம் என்றால், தானே பெற்ற பிள்ளை போன்ற ஒன்றைத் தள்ளுவது எப்படி இருக்கும்! அதையும் மூன்று தடவை!

புதிய பொருள்கள், பழைய கேள்வி

இதன் பிறகும் கதை முடியவில்லை. ஒரு அமெரிக்கக் கம்பெனி, கிருமித் தொற்றைத் தடுக்கட்டும் என்று வால்வின் துணி வளையத்துக்கு வெள்ளி பூசியது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் சில நோயாளிகளுக்கு வளையத்தைச் சுற்றிச் சதை சரியாகப் பிடிக்காமல், ஓரத்தில் ரத்தம் ஒழுகியது. 2000 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். கிருமி சாகிறதா என்ற கேள்விக்கு யந்திரம் சரியாகவே பதில் சொன்னது. சதை பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

இப்படிப்பட்ட அனுபவங்களால், "இத்தனை கோடி தடவை ஆடினால் போதும்" என்ற பழைய முறை மாறியது. எது எது பழுதாகலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதனை வகுக்க வேண்டும் என்று 2005-ல் வந்த சர்வதேசத் தர நிர்ணயம் சொல்லிற்று. திருவனந்தபுரத்திலும் பணி நிற்கவில்லை. இரண்டாவது மாடலோடு கைவிட்ட அதே டைட்டானியத்தை, மேலே கடினமான பூச்சுக் கொடுத்து, ஒரு புதிய மாடலுக்கு எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். மேல்நாட்டார் உருவாக்கிய, மிருகத் திசுவே கலக்காத பாலிமர் இதழ்கள் கொண்ட ஒரு வால்வுக்கு 2025-ல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. நல்ல செய்தி. அதை நீண்ட நாள் கவனித்துவர வேண்டிய கடமையும் அதோடு வருகிறது.

டாக்டர் வலியத்தான் பிற்காலத்தில் சரகர், சுச்ருதர், வாக்படர் ஆகிய மூவரின் ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்து எழுதினார். 2005-ல் பத்ம விபூஷண் பெற்றார். 2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார். அவர் வெற்றி பெற்ற வால்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தோற்ற மூன்று மாடல்களைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் அங்கத்தினர்களுக்கு

கடைசியாக மூன்று விஷயங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு ஜுரத்தோடு தொண்டை வலி வந்தால், மிளகுக் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பெனிசிலின் மருந்தால் ருமாட்டிக் ஜுரத்தைத் தடுக்க முடியும். உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. பல் பிடுங்கப் போனால், வால்வு இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்ஜினியரிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புதிதாக ஒன்றைச் செய்வது பெருமை. அதை உடைத்துப் பார்க்கிற வேலையும் அதே அளவு பெருமை உடையது. அந்த வேலைக்கு ஆள் குறைவு. போட்டோவும் பேட்டியும் அதற்குக் கிடைக்காது.

என் மனைவியின் தங்கைக்கு அறுபது நெருங்குகிறது. என் கணக்குப்படி அவளுடைய வால்வு 100 கோடி தடவைக்கு மேல் திறந்து மூடிவிட்டது. கோலம் போடுகிறாள், பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள். இந்தக் கணக்கைச் சொன்னால், "அதெல்லாம் எண்ணிண்டு இருக்காதீங்கோ அத்திம்பேர், கண் பட்டுடும்" என்கிறாள்.